பரோட்டாவால் அளந்த ஆகாயம்

உலகத்தில் எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் நடுவிலுள்ள தூரத்தை வயிற்றால் அளக்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் தென்காசி ரன்வே அண்ணாச்சிதான்.

வாடகைக் கார் ஓட்டுபவர். ஊர்க்காரர்களைத் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவது தொழில். விட்டதும் வேலை முடிந்தது என்று நாம் நினைப்போம். அவரோ, ஏற்றிவிட்ட ஆள் போய் இறங்கும்வரை பால் சேர்க்காத கட்டன் சாயா தவிர எதையும் தொடமாட்டார். ஏனென்று கேட்டால், “கேட்டுல விட்டா பாதி டிரிப்புதாம்வே. சக்கரம் தரையில பட்டாத்தான் முழு டிரிப்பு” என்பார்.

அதனால் போகும் வழியிலேயே தூரத்துக்குத் தகுந்தபடி பரோட்டா தின்றுகொள்வார். மூன்றரை மணி நேர மஸ்கட்டுக்கு மூன்று. நாலு மணி நேர துபாய்க்கு நாலு. லண்டன் என்றால் சால்னா வாளியைப் பக்கத்திலேயே வைக்கச் சொல்வார். அவர் தட்டைப் பார்த்தே காரில் இருப்பவர் எந்த நாட்டுக்குப் போகிறார் என்று கடைக்காரர் சொல்லிவிடுவார். கனடாவுக்குக் கிளம்பிய ஓர் இன்ஜினீயரிடம், “இந்த வேலை மஸ்கட்டுல கெடைக்காதாடே?” என்று செங்கோட்டை தாண்டும்வரை கெஞ்சியிருக்கிறார்.

போன குற்றால சீசனில் நான் சிகாகோவுக்கு மகள் வீட்டுக்குக் கிளம்பினேன். தோஹாவில் விமானம் மாற வேண்டும். மொத்தம் பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல். காத்திருப்பையும் சேர்த்தால் இருபத்திரண்டு மணி நேரம். கேட்டதும் அண்ணாச்சி பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்தினார்.

ஆனால் சட்டைப் பையில் இருந்த பாஸ்போர்ட்டை நான் வீடு முழுக்கத் தேடியதில் ஒரு மணி நேரம் போனது. மிச்சத்தைக் குற்றாலச் சாரலுக்கு வந்த கூட்டம் தின்றது. பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்த நேரமில்லை. அண்ணாச்சி வெறும் வயிற்றோடு மலையேறினார்.

விமான நிலையத்துக்குள் நான் நுழைந்ததும் அவர் மனைவி போன் செய்தார். “அவுகளுக்குச் சர்க்கரை இருக்குண்ணே. மயங்கிக் கியங்கி விழுந்திருவாக. எறங்குனதும் சொல்லிருங்க.”

தோஹாவில் இறங்கியதும் அண்ணாச்சியைக் கூப்பிட்டுத் துணிந்து பொய் சொன்னேன். சிகாகோ வந்துவிட்டேன், சாப்பிடுங்கள் என்றேன்.

அந்தப் பக்கம் விரல் விட்டு எண்ணும் முணுமுணுப்பு கேட்டது. கணக்குப் போடுகிறார் என்று புரிந்தது.

“நீரு ஏறி அஞ்சு மணி நேரந்தான ஆகுது. சிகாகோவுக்கு இன்னும் பதினோராயிரம் கிலோமீட்டர் கெடக்கு. பொய் சொல்லுததுக்கு முந்தி மேப்பைப் பாக்க வேண்டாமாவே?”

வைத்துவிட்டார்.

அடுத்த விமானத்தில் பதினாலு மணி நேரமும், முன் சீட்டுத் திரையில் விமானம் எறும்பாக ஊர்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவலையில் வந்ததையெல்லாம் தின்றேன், பக்கத்து சீட்டம்மாள் வேண்டாமென்று ஒதுக்கிய கேக் உட்பட.

சக்கரம் தரையைத் தொட்டதும், வாசலில் நிற்கும் மகளுக்குக்கூடச் சொல்லாமல் அவரைத்தான் கூப்பிட்டேன். இந்தத் தடவை சத்தியமாக இறங்கிவிட்டேன் என்றேன்.

தட்டு இழுபடும் சத்தம். அப்புறம் வாய் நிறையச் சோற்றோடு அவர் குரல்.

“நீரு சாப்பிட்டீராவே?”

வழியெல்லாம் தின்றுகொண்டே வந்தவன், அந்த மெல்லும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.