ஹோமுக்கும் புரோவுக்கும் நடுவே ஒரு மாப்பிள்ளை

அலுவலகத்தில் பிரிண்டருக்குள் சிக்கிய தாளை ஒரே ஒரு முறை உருவி எடுத்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் நீங்கள் ‘கம்ப்யூட்டர் தெரிந்தவர்’. நான் அப்படி ஆனவன். காரைக்குடியில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர் வேலை. தாளை உருவிய அன்று மேலதிகாரி என் முதுகில் தட்டி, “இதெல்லாம் தெரியுமாய்யா உனக்கு!” என்றார். தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு அப்போது அவகாசம் இருந்தது. சொல்லவில்லை. அதன் பலனை அனுபவித்தவள் என் மனைவி வள்ளி.

வள்ளி பி.காம். படித்தவள். மகள் பிறந்த பிறகு நான்கு வருடம் வீட்டோடு இருந்தாள். பிறகு வேலை தேட ஆரம்பித்து, போனிலும் வீடியோவிலும் எத்தனையோ நேர்முகத் தேர்வுகளைத் தாண்டி, கடைசியில் சென்னையில் ஒரு நிறுவனம் எடுத்துக்கொண்டது. மருத்துவக் காப்பீடு கேட்டு வருகிறவர்களின் ஆஸ்பத்திரிக் காகிதங்களைச் சரிபார்க்கும் வேலை. வீட்டில் இருந்தே பார்க்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். கம்ப்யூட்டர் அவளுடையதாக இருக்க வேண்டும், அதில் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் ‘புரோ’ பதிப்பு இருக்க வேண்டும். ‘ஹோம்’ பதிப்பு இருந்தால் அவர்கள் நெட்வொர்க்குக்குள் சேர்க்க முடியாது. திங்கட்கிழமை மதியம் ஒரு மணிக்குள் இணைந்துவிட வேண்டும். இணையாவிட்டால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்கு.

என் மாமனாருக்கு அமராவதிபுதூரில் விவசாயம். மகளுக்கு வேலை கிடைத்த சந்தோஷத்தில், “லேப்டாப்பு என் செலவு” என்று சொல்லிவிட்டார். வியாழக்கிழமை மூவரும் கடைக்குப் போனோம். நல்ல லேப்டாப்தான். ஆனால் கடைக்கு வரும்போதே அதில் ‘ஹோம்’ போட்டு வந்திருந்தது. கடைக்காரர் புரோவைத் திறப்பதற்கான சாவி எண் அட்டையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, “இருங்க சார், இங்கேயே மாத்திக் குடுத்துர்றோம். பத்து நிமிஷ வேலை” என்றார்.

நான் சிரித்தேன். (அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கே என்னை அறையத் தோன்றும்.)

“அதெல்லாம் வேணாங்க. வீட்ல நானே பாத்துக்குவேன்.”

மாமனார் கடைக்காரரைப் பார்த்து, “மாப்ள ஆபீஸ்ல இதெல்லாம் அவுகதான் பாக்குறாக” என்றார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெள்ளியும் சனியும் வள்ளி அந்த லேப்டாப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. நிறுவனம் அனுப்பிய பாடங்களைப் படித்து, வியாதிகளின் பெயர், ஆபரேஷன்களின் பெயர், எந்தக் காகிதத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாகக் குறிப்பு தட்டிக்கொண்டிருந்தாள். பதிப்பு மாற்றுவது எப்படி என்றும் நிறுவனம் ஒரு தாள் அனுப்பியிருந்தது. மொத்தமே நாலு வரி. வள்ளி அதைப் படித்துவிட்டு, “ரொம்ப லேசாத்தான் இருக்கு. நானே மாத்திரவா?” என்று கேட்டாள்.

“நீ தொடாத. ஏதாவது ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா சிஸ்டமே போயிரும்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை நான் செய்யப்போவதைத்தான் அப்படித் துல்லியமாகச் சொல்லியிருக்கிறேன் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஞாயிறு காலையில் மாமனாரும் அத்தையும் நாட்டுக்கோழியோடு வந்து இறங்கினார்கள். மகள் வேலையில் சேருவதைப் பார்த்துவிட்டு மறுநாள் போவதாகத் திட்டம். அத்தை லேப்டாப் மூடிக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார். வள்ளியும் உதவிக்குப் பின்னாலேயே போனாள். மாமனார் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்வையாளர் வந்துவிட்டார். இனி வெறும் நாலு வரியைப் பார்த்துச் செய்தால் மரியாதையாக இருக்குமா?

அதனால் நான் அந்தத் தாளைப் படிக்கவில்லை. ஒரு வீடியோ பார்த்தேன். அதில் ஒருவர், ‘கரெக்டா வேணும்னா எல்லாத்தையும் சுத்தமா அழிச்சிட்டு முதல்ல இருந்து போடுங்க’ என்றார். சுத்தம் எனக்கும் பிடிக்கும். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்திருந்த பென் டிரைவில் வேண்டியதை ஏற்றிச் செருகினேன். திரையில் ஒரு கேள்வி வந்தது. எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா? மாமனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். யோசித்தால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே! பட்டென்று ‘ஆம்’ என்று அழுத்தினேன்.

முக்கால் மணி நேரம் சுற்றியது. கடைசியில் புத்தம்புதிதாகத் திரை மலர்ந்தது. உள்ளே போய்ப் பார்த்தேன். ‘ஹோம்.’

“என்ன மாப்ள, மாறிருச்சா?”

“முதல் தடவை இப்படித்தான் மாமா வரும். ரெண்டாவது தடவை பிடிச்சுக்கும்.”

(சிமென்ட் பூசுகிற கொத்தனார் மாதிரி எப்படித்தான் அப்படிச் சொன்னேனோ!)

இரண்டாவது தடவையும் அழித்தேன். ஹோம். மூன்றாவது தடவை, ஏதாவது மிச்சம் ஒளிந்திருக்கும் என்று தேடித் தேடி, கண்ணில் பட்ட எல்லாப் பகுதிகளையும் அழித்தேன். கோழிக் குழம்பு வாசம் வந்துகொண்டிருந்தது. லேப்டாப் நிதானமாக, எந்தக் கோபமும் இல்லாமல், மறுபடியும் ஹோமாகவே எழுந்து வந்தது. இந்தத் தடவை கூடுதலாக ஒரு விசேஷம், வைஃபை காணாமல் போயிருந்தது.

“நெட்டுல பிரச்சினை மாமா. அதான் மாறமாட்டேங்குது.”

இணைப்புக்காரரைப் போனில் பிடித்துச் சண்டை போட்டேன். பாவம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டை விட்டுவிட்டு ஏணியோடு வந்தார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார். தன் போனில் எங்கள் வைஃபையைப் பிடித்து ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார்.

“லைன்ல ஒரு கோளாறும் இல்ல சார். உங்க பொட்டியிலதான் என்னமோ இருக்கு.”

அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகும்போது மாமனார் அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு தன் நாற்காலியை ஓர் அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஞானம் வந்தது. சாவி எண்! அதைத்தானே முதலில் போட்டிருக்க வேண்டும்! அட்டையை எடுத்தேன். இருபத்தைந்து எழுத்துக்கு மேலே ஒரு வெள்ளிப் பூச்சு. மெதுவாகச் சுரண்ட வேண்டுமாம். நான் காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கோபத்தை எல்லாம் சேஃப்டி பின்னின் முனையில் இறக்கிச் சுரண்டினேன். பூச்சு போனது. கூடவே ஓர் எழுத்தின் கீழ்ப்பாதியும் போனது. அது ‘பி’யாக இருக்கலாம், எட்டாகவும் இருக்கலாம்.

அப்போதுதான் வள்ளி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“முடிஞ்சிருச்சாங்க? கொஞ்ச நேரம் குடுங்க. நோட்ஸ ஒரு தடவை பாத்துக்கிறேன்.”

“எந்த நோட்ஸ்?”

“ரெண்டு நாளா டைப் அடிச்சேனே, அது.”

நான் திரையைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். அதில் நீலநிறத்தில் ஒரு படமும் ஒரு குப்பைத் தொட்டியும் மட்டும் இருந்தன. குப்பைத் தொட்டியும் காலி.

“எல்லாத்தையும் அழிச்சிட்டீகளா?”

“சுத்தமாப் போட்டாத்தான்...”

அவள் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. அடுப்படிக்குப் போய், மாதச் சாமான் எழுதும் நோட்டையும் பேனாவையும் எடுத்து வந்தாள். பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, இரண்டு நாளாகப் படித்ததை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். உளுந்து, துவரம்பருப்புக்குப் பின்னால் பித்தப்பையும் குடல்வாலும் வரிசையாக வந்தன. நான் பக்கத்தில் நின்றேன். உட்காரலாமா என்று தெரியவில்லை. என் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அந்தப் பேனாச் சத்தம் மாதிரி எதுவும் உறைத்ததில்லை.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வள்ளி நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போட்டாள். நான் அரைநாள் விடுப்பு சொல்லியிருந்தேன். (காரணம்: ‘சொந்த வேலை’. உண்மையில் மனைவியின் வேலை.) எடுத்தவர் ஷீலா என்ற பெண்மணி. வள்ளி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடந்ததைச் சொன்னாள். ‘என் வீட்டுக்காரர்’ என்று சொல்லாமல், ‘தெரியாம அழிஞ்சிருச்சு மேடம்’ என்று பொதுவாகத்தான் சொன்னாள். அந்தப் பெருந்தன்மையை நான் கெடுத்தேன்.

“மேடம், நான் மூணு தடவை கிளீனாப் போட்டேன். மூணு தடவையும் ஹோம்தான் வருது. மெஷின்லயே ஃபால்ட்டுன்னு நினைக்கிறேன்” என்று குறுக்கே புகுந்தேன்.

அந்தப் பக்கம் ஷீலா இரண்டு தடவை இருமினார். சிரிப்பை அடக்கும் இருமல் அது என்று எல்லோருக்கும் புரிந்தது.

“சார், புது மெஷின்ல எந்தப் பதிப்பு போட்டாங்களோ, அதோட எண்ணைத் தயாரிக்கிற இடத்துலயே போர்டுல பதிச்சிடுவாங்க. நீங்க எத்தனை தடவை அழிச்சாலும் அதைப் பார்த்துட்டு அதே பதிப்பைத்தான் போடும். அழிக்கவே வேண்டாம் சார். இருக்கறதுக்குள்ள போய் சாவி எண்ணை மட்டும் மாத்தினா போதும்.”

மாமனார் மெல்லத் தலையாட்டினார். முதல்முறையாக அவருக்குத் தெரிந்த விஷயத்துக்குள் பேச்சு வந்திருந்தது.

“அப்ப வீட்ட இடிச்சு இடிச்சுக் கட்டியிருக்கீக மாப்ள. பட்டாவ மாத்தல.”

“கரெக்ட் சார்!” என்றார் ஷீலா. எனக்கு விளங்காத ஒன்றை என் மாமனாருக்கு ஒரே நிமிடத்தில் விளங்க வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் வள்ளியும் ஷீலாவும் செய்தது. என் போனை வயரால் இணைத்து அதன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுத்தார்கள். பன்னிரண்டு மணி வாக்கில்தான் காணாமல் போன வைஃபை தானாக வந்து சேர்ந்தது. அடுத்து சாவி எண். நான் அட்டையைப் பார்த்துப் படிக்க வேண்டும், வள்ளி தட்ட வேண்டும். எனக்கு மிஞ்சியிருந்த ஒரே பொறுப்பு.

“பி” என்றேன்.

“பியா? டியா?”

“பி!”

“எனக்கு டின்னுதான் கேக்குது. சரியாச் சொல்லுங்க.”

மாமனார் அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, பஸ் கண்டக்டர் குரலில் ஆரம்பித்தார்.

“பள்ளத்தூர் பி. கண்டனூர் கே. தேவகோட்டை டி. நெற்குப்பை என்.”

“நெற்குப்பையா? அது எங்க சார் இருக்கு?” என்று சென்னையிலிருந்து கேட்டார் ஷீலா.

“பொன்னமராவதி போற வழிம்மா. வந்தா சொல்லு, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

இருபத்தைந்து எழுத்தில் ஒரு பிழை இல்லை. நான் சுரண்டிக் கெடுத்த இடத்தில் மட்டும் பஸ் நின்றது. முதலில் எட்டு போட்டுப் பார்த்தார்கள். ஏற்கவில்லை. மாமனார் அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, “பள்ளத்தூரே போடு தாயி” என்றார். வள்ளி தட்டினாள். லேப்டாப் ஒரு முறை அணைந்து எழுந்தது. உள்ளே போய்ப் பார்த்தாள்.

‘புரோ.’

அழித்தலும் இல்லை, பென் டிரைவும் இல்லை. கடைக்காரர் சொன்ன அதே பத்து நிமிடம். மணி பன்னிரண்டே கால். அரை மணி நேரத்தில் ஷீலா அவளை நெட்வொர்க்குக்குள் சேர்த்துவிட்டார். வள்ளி நாற்காலியை முன்னுக்கு இழுத்து, சாமான் நோட்டை இடது கைப்பக்கம் விரித்து வைத்துக்கொண்டு, முதல் காகிதத்தைத் திறந்தாள். பித்தப்பை ஆபரேஷன்தான். அவள் நோட்டைப் பார்க்கவே இல்லை. கையால் எழுதியதில் எல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது என்று பின்னால் சொன்னாள். (அப்படியானால் நான் செய்தது ஒரு வகையில் உதவிதானே என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். இரண்டாவது தடவை கேட்கவில்லை.)

அன்று சாயந்தரம் மாமனார் ஊருக்குப் போனார். மறுநாளே அமராவதிபுதூர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இன்றைக்கும் விசேஷ வீடுகளில் யாராவது, “மாப்ள இப்ப என்ன பண்றாக?” என்று கேட்டால், அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “எங்க, மூணு தடவை அழிச்சுப் போட்டும் இன்னும் ஹோம்தான்” என்கிறார். சுற்றி இருப்பவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் இலையையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன்.

வள்ளி ஒரு வருடம் காகிதம் பார்த்தாள். பிறகு ஷீலாவே கேட்டுத் தன் பிரிவுக்கு மாற்றிக்கொண்டார். இப்போது தென்காசி, தஞ்சாவூர் என்று எங்கெங்கிருந்தோ புதிதாகச் சேருகிற பெண்களுக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் வழிகாட்டுவது அவள்தான். எந்த வேலையைத் தொடங்குவதற்கு முன்னாலும் அவள் கேட்கும் முதல் கேள்வி எனக்குப் பழகிவிட்டது.

“மேடம், வீட்ல சார் இருக்காகளா?”

“ஆமா மேடம், இங்கதான் பக்கத்துல நிக்கிறாங்க. அவருக்குக் கம்ப்யூட்டர் நல்லாத் தெரியும்.”

“நல்லது. அவுகள ஒரு டீ குடிச்சிட்டு வரச் சொல்லுங்க. வர்றதுக்குள்ள முடிச்சிரலாம்.”

தென்காசியில் ஒரு மனிதர் என்ன ஏது என்று புரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டிருப்பார். அவரைத் தனியாக அனுப்ப எனக்கு மனசு கேட்பதில்லை. நானும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எங்கள் தெரு டீக்கடைக்குக் கிளம்பிவிடுகிறேன்.