கடைசிக் கட்லட்டை யார் எடுப்பார்?

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது: எதையும் சும்மா பார்க்கத் தெரியாதவர்கள். தேக்கா சந்தைக்குப் பூ வாங்கப் போனால் நீங்களும் நானும் பூவோடு திரும்புவோம். இவர்கள் ஓர் ஆய்வுக் கேள்வியோடு திரும்புவார்கள். பூவை மறந்துவிடுவார்கள்.

தாரணியைப் பாருங்கள். உளவியல் ஆய்வு மாணவி. செங்காங் அடுக்குமாடி மின்தூக்கியில் ஏறுபவர் ஏற்கெனவே எரிகிற பொத்தானை ஏன் மறுபடி அமுக்குகிறார், சிராங்கூன் ரோட்டில் நீண்ட வரிசையைக் கண்டவர் என்ன விற்கிறார்கள் என்றுகூடக் கேட்காமல் ஏன் அதில் போய் நிற்கிறார், ரயிலில் காலி இருக்கைக்கு எதிரே நிற்பவர் ஏன் உட்கார மாட்டேன் என்கிறார் என்று யோசித்து, யோசித்ததைப் பக்கத்திலிருப்பவரிடம் விளக்கி, அவர் இறங்கவேண்டிய நிலையத்தையும் கோட்டைவிட வைப்பாள்.

"சும்மா நிக்கிறாங்க லா, விடேன்," என்பான் வசீகரன், அவளைக் கட்டிக்கொள்ளத் துடிப்பவன்.

"சும்மா யாரும் எதையும் செய்யமாட்டாங்க!"

போன ஞாயிறு புக்கிட் பாத்தோக்கில் அவன் வீட்டுக்கு முதன்முதலாகப் போனாள். கீழ்த்தளத்திலேயே அவன் கெஞ்சினான்: "அம்மா சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இன்னிக்கு ஒரு நாள் யாரையும் ஆராயாதே, ப்ளீஸ்."

தலையாட்டினாள். மீன் கட்லட் வந்தது. பேச்சோடு பேச்சாகத் தட்டு காலியாகி, ஒன்றே ஒன்று மிஞ்சியது. வசீகரன், அப்பா, அம்மா வள்ளிநாயகி, மூவர் கண்ணும் அதன்மேல். ஒரு கையும் நீளவில்லை. கடைசித் துண்டை எடுக்க இந்த ஊரில் யாருக்குத்தான் வெட்கமில்லை? தாரணிக்குச் சிலிர்த்தது. யார் எடுப்பார்? மூத்தவரா? பசித்தவரா?

"அப்ப வைகாசியில கல்யாணத்தை வைப்பமா, பிள்ளை?" என்றார் வள்ளிநாயகி.

"கொஞ்சம் பொறுங்க ஆன்ட்டி," என்றாள் தாரணி, தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். "முதல்ல யார் எடுக்கிறாங்கன்னு பார்க்கலாம்."

வசீகரன் அவள் காலை மெல்ல மிதித்தான். வள்ளிநாயகி அவளையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கட்லட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

"வந்ததிலயிருந்து அதையே பாக்கிறாய். கேட்டா தரமாட்டனா?" மகனிடம் திரும்பினார். "என்ர சமையல் இந்தப் பிள்ளைக்கு அவ்வளவு பிடிச்சிருக்கு. வைகாசியே வைப்பம்."

கல்யாணம் நிச்சயம். ஆய்வு பாழ். தாரணி மென்றுகொண்டே அழாத குறை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்த அம்மா மட்டும் குறுக்கிடாமல் இருந்திருந்தால் கட்லட்டை யார் எடுத்திருப்பார் என்று உங்கள் மனம் இப்போது கணக்குப் போடுகிறதே, அதற்கு மருந்து கிடையாது.