குடையும் விளக்கும் கடைசி இரண்டு நிமிடமும்

ஜூன் மாதம் 22ஆம் தேதி, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். 5.25க்குக் காபி. 5.40க்கு மழை. பூஜை அறையின் வடகிழக்கு மூலையில் கூரை ஒழுகியதால் பித்தளைக் குண்டானை வைத்தேன் (அது நிறைவதற்கு ஐம்பது நிமிடம்). 7.45க்கு எறணாகுளத்து ஆபீசுக்குக் கிளம்பினேன். இத்தனையும் என் டைரியில் இருக்கிறது. இல்லாத ஒரே செய்தி, அன்று முழுவதும் எனக்கு முரளி மேல் வயிறு எரிந்துகொண்டிருந்தது என்பது.

கொச்சியில் மட்டாஞ்சேரித் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு சத்சங்கம் நடத்துகிறோம். ஒவ்வொரு மாதமும் நான்காவது சனிக்கிழமை ஒரு குறும்படம் பார்த்து, அதில் பக்தி என்ன, தர்மம் என்ன என்று பேசுவோம். நான்கு வருடமாகப் படம் தேர்ந்தெடுப்பவன் நான். அதற்கென்று தனி நோட்டு: படத்தின் நீளம், கரு, கேட்க வேண்டிய கேள்விகள். முடிவுக்குச் சற்று முன்னால் படத்தை நிறுத்திவிட்டு, பேசி முடித்த பிறகு மிச்சத்தைக் காட்டுவது என்னுடைய கண்டுபிடிப்பு. படம் முடிந்ததும் எல்லோரும், "நன்னாயிருந்தது, காபி ஆச்சா?" என்பார்கள். அதைப் பாராட்டு என்றே நான்கு வருடம் நம்பியிருந்தேன்.

மே மாதம் எனக்குக் காய்ச்சல். முரளி ஒரு படம் கொண்டுபோனான். (எட்டாம் வகுப்பிலிருந்து என் பக்கத்து பெஞ்ச். அப்போதும் அவன் கையெழுத்தைத்தான் டீச்சர் எல்லோருக்கும் காட்டுவார்.) அன்று ஹாலே அழுததாம். காபியை யாரும் கேட்கவில்லையாம். சத்சங்கத்தை நடத்தும் விசாலம் மாமி இரண்டாம் தடவை போடச் சொன்னாராம்.

காய்ச்சல் விட்டதும் மாமி போன் செய்தார். "ராமநாதா, இந்த மாசம் நீங்க ரெண்டு பேரும் ஆளுக்கொண்ணு கொண்டு வாங்கோ. யாரோடது மனசுல நிக்கறதோ, அவாளே இனிமே செலக்ட் பண்ணட்டும், கேட்டியா?"

மூன்று வாரம் தேடினேன். தீர்த்த யாத்திரை பற்றிய பதினான்கு நிமிடப் படம் ஒன்றைக் கண்டுபிடித்து, நாலு தடவை பார்த்து, பதினொரு கேள்விகள் எழுதி வைத்தேன். சனிக்கிழமை மதியம் என் மனைவி சாவித்திரி ஆபீசுக்குப் போன் செய்தாள்.

"ஏன்னா, முரளி அண்ணாவோட படத்தை அவர் ஆத்துக்காரி எனக்கு இப்ப காமிச்சா. கண்ணு நெறஞ்சுடுத்து."

"என் படத்துக்கு?"

"அது... தகவல் நெறைய இருக்கு."

இருபத்தாறு வருடத் தாம்பத்தியத்தில் என்னை இவ்வளவு புண்படுத்திய வாக்கியம் வேறில்லை. யாத்திரையைத் தூக்கி எறிந்தேன். 3.35க்கு ஃபோர்ட் கொச்சிப் படகில் ஏறி, காதில் இயர்போனைச் செருகி, அழவைக்கும் படம் தேடினேன்.

நான்காவதாக அது கிடைத்தது. கொட்டும் மழை. ஒழுகும் ஒரு சின்னக் கோயில். உள்ளே கோயில் கைங்கரியம் செய்யும் ஒரு வாரியர், தான் நனைந்துகொண்டே சாமி விளக்குக்குக் குடை பிடித்து நிற்கிறார். வசனமே இல்லை. படகில் என் பக்கத்தில் இருந்தவர், "எந்து பற்றி சேட்டா?" என்று என்ன ஆயிற்று என்பதாகக் கேட்கும் அளவுக்கு அழுதேன். விளக்கு நடுங்கி அணையப் போகிற இடத்தில் படகு துறையில் முட்டியது. ஒன்பது நிமிடம் நாற்பது நொடி. என் முறைப்படி நிறுத்த வேண்டிய இடமும் அதுதான். மிச்சம் ஒரு நிமிடம் ஐம்பது நொடி. விளக்கு எரியும், வேறென்ன?

முழுதாகப் பார்க்காத ஒரு படத்தை அதற்கு முன் நான் போட்டதே இல்லை. வாழ்க்கையில் ஒரு தடவை அவசரப்பட்டேன்.

5.30க்கு ஹால். முரளி இளநீலச் சட்டையில் வந்திருந்தான். அவனுக்குப் பொருந்தவில்லை என்று எழுத ஆசை, பொருந்தியது.

என் படம் முதலில். 9.40ல் நிறுத்தியபோது மூக்கு உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. காபியை ஒருவரும் கேட்கவில்லை! "இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்?" என்றேன்.

விசாலம் மாமி மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னார். "ஒழுகற கூரை நம்ம தேகம். விளக்கு ஆத்மா. குடை குரு கிருபை."

முரளிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ராமா, அசத்திட்டேடா" என்றான். அதை நான் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன். (உள்ளே வெடி வெடித்துக்கொண்டிருந்தது.) பேச்சு ஐம்பது நிமிடம் ஓடியது. மாயை, சம்சாரம், சரணாகதி எல்லாம் வந்துவிட்டன. பிறகு, "முடிவைப் பார்ப்போம்" என்று கம்பீரமாகப் பட்டனை அழுத்தினேன்.

மழை நின்றது. வாரியர் அண்ணாந்து பார்த்தார். கூரை மேலிருந்து மஞ்சள் தொப்பிக்காரன் ஒருவன், கையில் பெயின்ட் டப்பாவோடு, பல் தெரியச் சிரித்தான். செண்டை முழங்கியது.

"ஒற்றக் கோட்டு மதி, பத்து கொல்லம் சோர்ச்சயில்லா!"

ஒரு பூச்சு போதும், பத்து வருடத்துக்கு ஒழுகாது. கீழே ஆலுவாக் கம்பெனி ஒன்றின் போன் நம்பர். வாரியர் குடையை மடக்கித் தூக்கி எறிந்தார்.

குரு கிருபை மூலையில் போய் விழுந்ததை இருபத்திரண்டு பேர் பார்த்தோம்.

முதலில் சிரித்தது என் மகள் மீனு. பிறகு ஹால் முழுக்க. அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து, முரளி எழுந்து, அவனுடைய அந்த மெல்லிய குரலில் சொன்னான்:

"சிரிக்க வேண்டாம். ராமன் காமிச்சது சரிதான். குடை பிடிச்சிண்டே நிக்கறது பக்தி. ஏறிப் போய் ஓட்டையை அடைக்கறது ஞானம். ரெண்டும் வேணுமில்லையா?"

"ஆஹா!" என்றது சபை. மாமி கை கூப்பினார். "கண்டேளா! பெயின்ட் டப்பாவுலேர்ந்துகூட வேதாந்தம் எடுக்கறான். இனிமே முரளியே செலக்ட் பண்ணட்டும்."

நேரமாகிவிட்டதால் அவன் படத்தைப் போடவே இல்லை. போடாத படத்தால் நான் தோற்றேன். நோட்டை அங்கேயே அவனிடம் கொடுத்தேன். "என்ன அழகான கையெழுத்துடா" என்றான். (அதையும் அவன்தான் சொல்ல வேண்டுமா?)

இன்றும் வீட்டில் நான் கொஞ்சம் தத்துவமாக வாயைத் திறந்தால் போதும், சாவித்திரி மீனுவைப் பார்ப்பாள். மீனு இல்லாத குடையை மடக்கி மூலையில் எறிந்து, "ஒற்றக் கோட்டு மதி, அப்பா" என்பாள். கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகும் வீடியோ காலில் இது நடக்கிறது. மாப்பிள்ளைக்கும் குடை எறிய வருகிறது.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள், ஞாயிறு. 5.10க்கு எழுந்தேன். குண்டான் முக்கால் நிறைந்திருந்தது. காபிக்கும் முன்னால், முதல் காரியமாக, படத்தின் கடைசி ஒரு நிமிடம் ஐம்பது நொடியை இரண்டு தடவை முழுதாகப் பார்த்தேன். நம்பரைக் குறித்துக்கொண்டு, ஆறு மணி வரை பொறுத்து, ஆலுவாவுக்குப் போன் செய்தேன். அந்தப் பக்கம் ஒருவர் கொட்டாவி விட்டார்.

"மட்டாஞ்சேரியோ? இப்ப அவிடெநின்னு ஒரு முரளி சார் விளிச்சு. ஆ வீடு கழிஞ்ஞிட்டு வராம், சேட்டா."

டைரியில் எழுதினேன்: காலை 6.02. கூரைக்குச் சொல்லியாயிற்று. முரளி வீடு முடிந்த பிறகு நம் வீடு.