ஹார்ன் இல்லாமல் செம்பூருக்கு

தாராவியில் தோல் பை கடை வைத்திருக்கும் ஞானதுரைக்கு அன்று பல் துலக்கும்போதே பாட்டு வந்தது. மதியம் டிவியில் இந்தியா ஆடும் கிரிக்கெட் இறுதிப் போட்டி. அதே மதியம் செம்பூரில் மைத்துனர் பூலோகம் வீட்டில் காதுகுத்து. எதை விடுவது என்று விடியும் முன்பே முடிவாகிவிட்டது. கார் பானெட்டைத் திறந்து, ஏசிக்கு மின்சாரம் விடும் ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டியில் பாதிதான் இருக்கும் அந்தக் கறுப்புக் கட்டி. மே மாத வெயிலில், பட்டுப்புடவையோடு, ஏசி இல்லாத காரில் மனைவி ஆவுடையம்மாள் ஏற மாட்டாள். புதிதாக வாங்கிய செகண்ட்ஹேண்ட் காரைக் காட்டாமல் டாக்ஸியில் போய் இறங்கவும் மாட்டாள்.

மதியம் காரை எடுத்தார்கள். காற்று வந்தது. குளிர் வரவில்லை.

“ஏங்க, இட்லிக் கொப்பரையத் திறந்த மாதிரில்லா அடிக்கு?”

“கேஸ் போயிருக்கும் ஆவுடை.” ஞானதுரை குரலைச் சோகமாக்கிக்கொண்டார். “மெக்கானிக் காலித் கடையும் ஞாயித்துக்கிழமை பந்த். மச்சான்கிட்ட நான் போன்ல பேசிக்கிடுதேன்.”

“கேஸ் போனா பையப் பைய போவும். நேத்து ராத்திரி குளிர்ல பல்லு கிட்டிச்சே?”

“அப்ப கம்ப்ரஸர்!”

“பானெட்டைத் திறங்க.”

“உனக்கு என்னளா தெரியும்?”

“போன தடவை காலித் ரிப்பேர் பாக்கையில நீங்க சாயா குடிக்கப் போனீங்க. நான் பக்கத்துல நின்னேன்.”

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். ஏசியைப் போடச் சொன்னாள். ‘டக்’ என்று கம்ப்ரஸர் பிடிக்கும் சத்தமே இல்லை. ஃப்யூஸ் பெட்டி மூடியைத் திறந்தாள். ஒரு குழி காலி.

“இங்க இருந்த ரிலே எங்க?”

“எலி!” என்றார் ஞானதுரை. “தாராவி எலி எதைத்தான் விட்டுச்சு?”

“மூடியைத் திறந்து எடுத்துட்டு, மறுபடி மூடிட்டுப் போயிருக்கு. நல்ல குடும்பத்து எலி.”

அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு பக்கத்துக் குழியிலிருந்து அதேபோன்ற இன்னொன்றைப் பிடுங்கி இதில் செருகினாள். ‘டக்!’ கொஞ்ச நேரத்தில் காருக்குள் மாதேரான் மலைக் குளிர்.

“அது எதோட ரிலே?”

“ஹார்னோடது. ரெண்டும் ஒண்ணுதான்.”

ஞானதுரைக்கு மறுபடி உயிர் வந்தது. “ஹார்ன் இல்லாமயா? பம்பாயிலயா? பிரேக் இல்லாமகூடப் போயிரலாம்ளா!”

“தொண்டை இருக்குல்லா? கிரிக்கெட்டுக்குக் கத்துறத ரோட்டுல கத்துங்க.”

பையில் இருப்பதை எடுத்தால் தொண்டை பிழைக்கும், மானம் போகும். ஞானதுரை மானத்தைக் காப்பாற்றினார். உடம்பு குளிரில், தலை ஜன்னலுக்கு வெளியே வெயிலில். “பாஜூ ஹட்! சைட் தே பாய்!” கைவண்டிக்காரர் ஒதுங்கினார். ஆடு ஒதுங்கவில்லை. பின்சீட்டில் ஆவுடையம்மாள் கண்ணை மூடுவதும், அவர் கத்தலில் திடுக்கிட்டு விழிப்பதுமாக வந்தாள்.

செம்பூர் வந்தபோது அவர் வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. பூலோகம் வாசலுக்கே ஓடிவந்தார். “வாங்க மாப்ளே! பெரிய டிவியில மேட்ச் போட்டிருக்கேன். உக்காந்து கத்துவோம்!”

ஞானதுரை கையை மட்டும் ஆட்டினார்.

காரிலிருந்து இறங்கிய ஆவுடையம்மாள் புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: “சட்டைப் பையில கெடக்குல்லா, அதை இப்பமே ஹார்னுக்கு மாட்டிருங்க. திரும்பிப் போகையில எனக்குத் தூங்கணும்.”