மெல்கிரேவ் தோட்டத்து ஸ்பானிய முட்டை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக நடந்த பெரிய காரியம் எது என்று யாராவது என்னைக் கேட்டால், மெல்கிரேவ் தோட்டத்துக் கீழ்ப்பிரிவுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஸ்பானிய மொழி வந்ததுதான் என்று தயங்காமல் சொல்வேன். இதுவரை யாரும் கேட்கவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

மெல்கிரேவ், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே பனிக்குள் ஒளிந்திருக்கும் தேயிலைத் தோட்டம். நான் அதன் பெரிய கிளாக்கர், அதாவது அலுவலகத்துத் தலைமை எழுத்தர். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு அவர்களுடைய சின்னப் பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கட்டடத்தைத்தான் பிள்ளைக் காம்பரா என்கிறோம். காகிதங்களில் அதற்குச் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர். காகிதத்தில் அதன் கூரை ஒழுகுவதில்லை.

போன வருடம் இனெஸ் என்ற ஸ்பெயின் தேசத்து அம்மையார் எங்கள் பழைய துரை பங்களாவில் வந்து தங்கினார். அது இப்போது ஹோட்டல். ஒரு மழை நாளில் வழி தவறி, பிள்ளைக் காம்பராவுக்குள் ஒதுங்கினார். டீச்சர் சுதர்ஷினி ஒரு பிளேன்டீ கொடுத்தார். பிள்ளைகள் மடியில் ஏறி அவருடைய மூக்கைத் தொட்டுப் பார்த்தார்கள். ஊருக்குத் திரும்பியதும் அம்மையார் தோட்டத்துக்கு ஒரு பண உதவி அனுப்பினார். கூடவே ஒரு வரி. அவருக்கு வழிகாட்டியாக வந்த ஹட்டன் பையன் நிரஞ்சன் அதைத் தமிழில் எழுதித் தந்தான்: 'பிள்ளைகளின் உணவுக்கும் கல்விக்கும்.'

உதவி என்று ஒன்று வந்தால் குழு என்று ஒன்று பிறக்க வேண்டும். பிறந்தது. 'மழலையர் மொழிப் போஷாக்குக் குழு'. ஹட்டனிலிருந்து, பயிற்சி வகுப்புகள் நடத்தும் வளவாளர் கஜேந்திரன் தலைவராக வந்தார். அடியேன் செயலாளர். சுதர்ஷினி டீச்சர் 'அவதானிப்பாளர்'. அதாவது அவர் கதிரையில் உட்காரலாம். கருத்துச் சொல்லலாம். அதை யாரும் கேட்க வேண்டிய கட்டாயமில்லை.

முதல் கூட்டத்திலேயே 'உம்' என்ற சிக்கல் எழுந்தது. உணவுக்கு'ம்', கல்விக்கு'ம்'. இரண்டு உம். இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது?

"சேர், பிள்ளைங்க காலையில ஆளுக்கொரு துண்டு ரொட்டியோட வருதுங்க," என்றார் டீச்சர். "பத்து மணிக்கெல்லாம் சுருண்டு படுத்துருதுங்க. தினம் ஒரு முட்டை அவிச்சுக் குடுத்தோம்னா..."

கஜேந்திரன் கண்ணை மூடிக்கொண்டார். பெரிய யோசனைகள் அவருக்கு அப்படித்தான் வரும்.

"டீச்சர், முட்டைங்கிறது ஒரு காலை நேரத்துப் பிரச்சினை. மொழிங்கிறது வாழ்நாள் தீர்வு. உணவு ஒண்ணு, கல்வி ஒண்ணுன்னு ஏன் பிரிக்கிறீங்க? ரெண்டையும் சேத்துப் பாருங்க. என்ன வருது?"

"என்ன வருதுங்க சேர்?"

"உணவைப் பத்தின கல்வி! ஸ்பானிய எழுத்துகள். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சாப்பாட்டுச் சாமான். படம் போட்ட அட்டை. அந்த அம்மா வந்து பாத்தா மயங்கி விழுந்துருவாங்க."

"பிள்ளைங்க முந்திக்கிட்டு விழுந்துருங்க சேர்."

இது கருத்து என்ற வகையில் சேர்த்துக்கொள்ளப்பட்டது.

அட்டையில் அச்சிடப் போகும் உணவுகளைச் சுவைத்துப் பார்க்காமல் அச்சிடுவது கல்விக்கு இழைக்கும் துரோகம். ஆகவே குழு நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் தங்கி 'சுவை ஆய்வு' நடத்தியது. A என்றால் அசெய்த்தூனா. அது உப்பில் கிடந்த ஒரு காய். எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தும் கடமைக்காக ஒரு கிண்ணம் சாப்பிட்டேன். Q என்றால் கேசோ, அதாவது பாலாடைக்கட்டி. J என்றால் ஹமோன், உப்பிட்ட பன்றி இறைச்சி. J என்று எழுதிவிட்டு ஹ என்று படிக்க வேண்டும். எழுதுவது ஒன்று, சொல்வது ஒன்று. இத்தனை வருடம் அலுவலகத்தில் இருந்த எனக்கு அது சிரமமாகவே இல்லை. எல்லா எழுத்துகளையும் ஒரே வேளையில் முடிக்க முடியாததால் ஆய்வு அடுத்த நாளும் நீடித்தது.

திரும்பி வந்ததும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் நான் கம்பீரமாக அறிவித்தேன்:

"திங்கட்கிழமையிலிருந்து உங்கள் பிள்ளைகளுக்கு அட்டை கொடுக்கப்படும்."

கூட்டம் திடுக்கிட்டது. பூரணி என்ற கொழுந்துக்காரி கூடையோடு முன்னால் வந்தாள்.

"என்னங்கய்யா சொல்றீங்க? மலையில எங்க காலக் கடிக்கிறது போதாதுங்களா? பிள்ளைங்களுக்கு வேற குடுக்கணுமா?"

"அந்த அட்டை இல்லை பூரணி. இது படம் போட்ட அட்டை."

"ரத்தம் குடிக்காதுங்களா?"

"குடிக்காது," என்று குழுவின் சார்பில் உறுதியளித்தேன்.

வகுப்புகள் தொடங்கின. சுதர்ஷினி டீச்சர் போனில் ஸ்பானியக்காரர்களின் உச்சரிப்பைக் கேட்டுக் கேட்டுப் பழகிச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பிடித்துக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! P என்றால் பான், ரொட்டி வகை. "நம்ம பாண்!" என்று கத்தினார்கள். T என்றால் தே. தேயிலைதான். பூரணியின் மகள் லோஜினிக்கு இன்னும் ஐந்து வயதாகவில்லை. "தேத்தண்ணின்னு முழுசாச் சொல்லத் தெரியாதா டீச்சர் அவங்களுக்கு?" என்று அவள் ஸ்பெயின் தேசத்துக்காக வருத்தப்பட்டாள். Ñ என்ற எழுத்துக்கு ஞோரா, ஒரு காய்ந்த மிளகாய். தமிழில் வேலையில்லாமல் கிடந்த 'ஞ'வுக்குக் கடைசியில் வெளிநாட்டில் வேலை கிடைத்ததைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

ஒரே ஒரு குறை. பத்து மணிக்குப் பிள்ளைகள் முன்போலவே சுருண்டு படுத்தார்கள். லோஜினி முதல் ஆள்.

"சேர், கேசோ, ஹமோன்னு சொல்லச் சொல்ல பிள்ளைங்க வயிறு கொடகொடன்னு கத்துது," என்று டீச்சர் முறையிட்டார்.

"பாத்தீங்களா!" என்று கஜேந்திரன் பூரித்துப்போனார். "வயிறே ஸ்பானிஷ் பேசுது!"

நிறை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸ், லோஜினியைத் தராசில் தொங்கவிட்டு முகம் சுளித்தார். "போன தடவைய விடக் குறைஞ்சிருக்கே, டீச்சர்." பூரணி அன்று அரைநாள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, தொழிலாளர் வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக்குப் போனாள். நான் பின்னாலேயே போய், நிறை குறைந்தாலும் எழுத்துகள் கூடியிருப்பதை எடுத்துச் சொன்னேன். அவள் திரும்பிப் பார்த்த பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில் இனெஸ் அம்மையார் வருவதாகத் தகவல் வந்தது. குழு தீயாய் வேலை செய்தது. பிள்ளைகளுக்கு முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, வரிசையாக உட்காரவைத்தோம். சுவர் நிறைய அட்டை. ஸ்பெயினில்கூட இவ்வளவு சாப்பாடு ஒரே சுவரில் இருந்திருக்காது.

அம்மையார் நிரஞ்சனோடு வந்தார். பிள்ளைகள் A-யிலிருந்து Z வரை ஒரே மூச்சில் பாடினார்கள். அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர். கஜேந்திரன் என் கையை இடித்தார். வெற்றி என்று அர்த்தம்.

அம்மையார் லோஜினி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஓர் அட்டையைக் காட்டினார். அதில் ஒரு வெள்ளை முட்டை. மேலே H என்ற எழுத்து.

"ஆச்சே!" என்றாள் லோஜினி. அந்த எழுத்துக்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர். "உவேவோ!" என்று முட்டையின் பெயரையும் சேர்த்துச் சொன்னாள்.

அம்மையார் கைதட்டினார். பிறகு ஏதோ கேட்டார். நிரஞ்சன் தமிழில் சொன்னான்: "முட்டை பிடிக்குமா பாப்பான்னு கேக்குறாங்க. தினம் சாப்பிடுறீங்களான்னு கேக்குறாங்க."

லோஜினி டீச்சரைப் பார்த்தாள். பாடத்தில்தான் ஏதோ கேட்கிறார்கள் என்று நினைத்து, மனப்பாடமாக இருந்த விதியை மணி அடித்தாற்போல் சொன்னாள்:

"அது ஆச்சே. எழுத்துல இருக்கும். வாய்க்கு வராது."

இலக்கணப்படி மிகச் சரியான பதில். ஸ்பானிய மொழியில் H எழுதப்படும், உச்சரிக்கப்படாது. நான் கைதட்டப் போனேன். ஆனால் நிரஞ்சன் மொழிபெயர்க்காமல் நின்றான். சுவரைப் பார்த்தான். பிள்ளையின் கையைப் பார்த்தான். அவளுடைய மணிக்கட்டைத் தன் ஒற்றை விரலால் சுற்றிப் பார்த்தான்.

"தம்பி, அதெல்லாம் சொல்ல வேணாம்," என்றார் கஜேந்திரன் சிரித்துக்கொண்டே.

"பிள்ளை சொன்னதச் சொல்றதுதானுங்களே சேர் என் வேலை."

லோஜினி சொன்னது ஒரு வரி. நிரஞ்சன் அம்மையாரிடம் சொன்னது ஒரு பத்தி. ஸ்பானிய மொழி இவ்வளவு நீளமானது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அம்மையார் எழுந்தார். நேராகச் சமையலறைக்குப் போனார். அடுப்பு சில்லிட்டுக் கிடந்தது. சட்டி பானை இருக்க வேண்டிய தட்டில் மிச்ச அட்டைகள் அடுக்கியிருந்தன. அவர் திரும்பி எங்களைக் கேட்டதை நிரஞ்சன் சுருக்கமாகவே சொன்னான்:

"சாப்பாடு எங்கேன்னு கேக்குறாங்க."

கஜேந்திரன் சுவரைக் காட்டினார். வேறு எதைக் காட்டுவார்? அம்மையார் அவரை விட்டுத் திரும்பினார். பிறகு சுதர்ஷினி டீச்சரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு உங்கள யாரும் கேட்டாங்களா?" என்றான் நிரஞ்சன்.

"கேக்கலீங்க. நானாத்தான் சொன்னேன். முட்டைன்னு."

அவ்வளவுதான். அம்மையார் எங்கள் வரவேற்புரையைக் கேட்கவில்லை. கழுத்தில் போடவிருந்த மாலை என் கையிலேயே வாடியது. டீச்சரை வண்டியில் ஏற்றிக்கொண்டு நோர்வூட்டில் இருக்கும் நூர்தீன் கடைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மறுநாளிலிருந்து தினமும் காலையில் நூர்தீனின் த்ரீவீலரில் முட்டை வந்து இறங்கியது. குழுவைத் தாண்டி, நேராகச் சமையலறைக்கு!

இந்த ஒழுங்கீனத்தைக் கண்டிக்க அவசரக் கூட்டம் போட்டோம். நானே நூர்தீனைத் தேடிப்போய், முட்டைகள் குழுவின் ஊடாகவே வர வேண்டும் என்று வலியுறுத்தினேன்.

"ஐயா, முட்டை உடையிற சாமான்," என்றார் அவர் தராசைத் துடைத்தபடி. "கை மாறி மாறிப் போனா ஒண்ணும் மிஞ்சாதுங்க."

விளைவு என்ன? சொல்லவே மனம் பதறுகிறது. லோஜினி பத்து மணிக்குத் தூங்குவதில்லை. பகலெல்லாம் ஓடுகிறாள். ஒரு யன்னலை உடைத்துவிட்டாள். டீச்சர் அந்த ஓட்டையை ஹமோன் அட்டையால் அடைத்திருக்கிறார். மிட்வைஃப் மிஸ் தராசைப் பார்த்துச் சிரிக்கிறார். பூரணி என்னைக் கண்டால் கூடைக் கயிற்றைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, வேறு பாதையில் வேலை இருப்பதுபோல் போய்விடுகிறாள்.

போன வாரம் நானும் கஜேந்திரனும் மொழி வளர்ச்சியை மதிப்பிடப் போனோம். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆளுக்கொரு தட்டு. கஜேந்திரன் H அட்டையை உயர்த்திப் பிடித்து, "இது என்ன?" என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. லோஜினி கன்னம் உப்ப எங்களையே பார்த்தபடி மென்றுகொண்டிருந்தாள். மீண்டும் கேட்டார். விரலால் 'பொறுங்க' என்று சைகை காட்டிவிட்டு அடுத்த பாதியையும் வாய்க்குள் தள்ளினாள்.

உலகின் மாபெரும் மொழி ஒன்று மெல்கிரேவில் இப்படித்தான் அழிந்தது. வாய் நிறைய முட்டையை வைத்துக்கொண்டு எந்தப் பிள்ளையால் பேச முடியும்? பட்டினியாகக் கிடந்தபோது என்னமாய்ப் பேசினார்கள்!