மணி அடிக்கும் முன்பே தோற்றவன்

தோற்பதற்குக்கூட முதலில் போட்டி ஆரம்பமாக வேண்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை என்று காட்டூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தெரிந்துகொண்டேன்.

விளையாட்டின் பெயர் முவே தாய், அதாவது தாய்லாந்துக் குத்துச்சண்டை. அதில் நான் சேர்ந்தது வீரத்துக்காக அல்ல, தொப்பைக்காக. வீடு திருவானைக்காவலில், வேலை புத்தூரில், நாள் முழுக்க நாற்காலியில். அலுவலகத்துக்கு எதிர்க் கட்டட மொட்டை மாடியில் ஒரு மாஸ்டர் வகுப்பு நடத்தினார். ஜிம்மைவிட அது கிட்டத்தில் இருந்தது. (சோம்பேறி உடற்பயிற்சியை இப்படித்தான் தேர்ந்தெடுப்பான்.)

சாதாரணக் குத்துச்சண்டையில் கை மட்டும்தான். இதில் முஷ்டி, முழங்கை, முழங்கால், கால் என்று இரண்டிரண்டாக எட்டு ஆயுதங்கள். என்னிடமும் எட்டும் இருந்தன. எதுவும் சொன்ன பேச்சு கேட்கவில்லை. உதைப்பது பாதத்தால் அல்ல, முன்னங்கால் எலும்பால். கிட்டே வந்துவிட்டால் எதிராளியின் கழுத்தை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்து முழங்காலால் விலாவில் இடிக்கலாம். உதைத்தவனே நிலை தடுமாறினால் அந்த உதைக்கு நடுவர் மதிப்புத் தர மாட்டார். தலையால் முட்டுவது அறவே கூடாது. இந்தக் கடைசி விதியைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பெண் பார்க்கப் போனோம். பெண் பெயர் சுகன்யா, பிசியோதெரபிஸ்ட். பேச்சு கொஞ்சம் தொய்ந்த நேரத்தில் என் அக்கா உள்ளே புகுந்தாள்.

"தம்பி தாய்லாந்து பாக்சிங் ஃபைட்டருங்க. டோர்னமென்ட் எல்லாம் போவான்."

சுகன்யா என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். "அடுத்த போட்டி எப்பங்க?"

வகுப்புக்குப் போகும் மாடிப்படியில் ஒட்டியிருந்த போட்டி நோட்டீஸ் கண்ணுக்குள் வந்து நின்றது. "அடுத்த மாசம், காட்டூர்ல" என்றேன்.

"அப்ப அதைப் பாத்துட்டு சொல்றேன்ப்பா" என்று அவள் தன் அப்பாவிடம் சொன்னாள். எனக்கு அவளை அதற்குள் பிடித்துப்போயிருந்தது. அதனால்தான் மறுநாள் மாஸ்டரிடம் பெயர் கொடுத்தேன்.

மாஸ்டர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டுப் பெயரை எழுதிக்கொண்டார். "விழாம நில்லுங்க, அது போதும்" என்றார். "ஆனா குரு வணக்கத்தை மட்டும் ஒழுங்கா பண்ணிடுங்க. என் மானம் அதுலதான் இருக்கு."

முவே தாயில் சண்டைக்கு முன் இரண்டு வீரர்களும் தலையில் ஒரு கயிற்றுப் பட்டை அணிந்து, மேடையின் ஓரக் கயிற்றை வலது கையுறையால் தொட்டபடி ஒரு சுற்றுச் சுற்றி, நடுவில் மண்டியிட்டு குருவை வணங்க வேண்டும். எங்கள் மாடியில் மேடையும் இல்லை, கயிறும் இல்லை. துணி காயப்போடும் கொடியைத் தொட்டுப் பழகினேன். கொடி ஒரே நேர்கோட்டில் போகும். சுற்றிப் பழக அங்கே வழியில்லை.

போட்டியன்று மண்டபத்தில் முந்தின நாள் கல்யாணத்தின் பூ வளைவுகூட இறக்கப்படவில்லை. யாரோ ஒரு தம்பதியின் பெயர்களுக்குக் கீழே சண்டை மேடை. முன்வரிசையில் அம்மாவும் அக்காவும். அவர்களுக்கு அந்தப் பக்கம் சுகன்யாவும் அவள் அப்பாவும். எனக்கு எதிராளி பாலக்கரையைச் சேர்ந்த ரியாஸ், என்னைவிட ஒரு சாண் குள்ளம், ஆனால் முழுக்க எலும்பும் நரம்பும். பார்த்ததும் சலாம் வைத்தான். நல்ல பையன் என்று தெரிந்ததும் எனக்கு இன்னும் பயம் கூடியது.

குரு வணக்கத்துக்கான இசை ஆரம்பித்தது. மாஸ்டர் சொன்னதெல்லாம் தலையிலிருந்து காலியானது. கால் மட்டும் எனக்காக ஒரு முடிவெடுத்தது. விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கோயில் பிரகாரம் சுற்றிய கால் அது. வணக்கம் என்றதும் வலமாகத்தான் புறப்பட்டது. தாய்லாந்துக்காரர்களோ இந்த மேடையை இடமாகச் சுற்றுவார்கள். வலது கை கயிற்றில் இருக்க வேண்டுமென்றால் அப்படித்தான் சுற்ற முடியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. இடது கையால் கயிற்றைத் தடவிக்கொண்டு, பக்தி மிகுதியில் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

ரியாஸ் விதிப்படி எதிர்த்திசையில், தலைகுனிந்து வந்துகொண்டிருந்தான். இரண்டாவது மூலையில் அவன் நெற்றியும் என் மூக்கும் சந்தித்தன. தலைக்கவசம் அப்போது மாஸ்டர் கையில் இருந்தது. வணக்கம் முடிந்த பிறகுதான் அதைப் போடுவார்கள்.

உட்கார்ந்த நிலையில் கண்ணைத் திறந்தேன். ரியாஸ் நெற்றியைத் தேய்த்தபடி குனிந்து, "அண்ணே, ராங் சைடுல வந்துட்டீங்க" என்றான்.

"அந்தப் பையன்தான் இடமா சுத்துறான். எம் புள்ள சரியாத்தான் போனான்" என்று முன்வரிசையிலிருந்து அம்மா குரல் கேட்டது.

நடுவர்கள் கூடிப் பேசினார்கள். முட்டுவது குற்றம்தான், ஆனால் மணி அடித்த பிறகுதான் குற்றம். ரத்தம் நிற்காததால் டாக்டர் என்னை இறக்கச் சொன்னார். "எதிராளி குரு வணக்கத்தில் காயமடைந்ததால் ரியாஸ் வெற்றி பெறுகிறார்" என்று மைக்கில் அறிவித்தபோது மண்டபமே சிரித்தது. ஒரு உதைகூட வாங்காமல் தோற்றதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. சுகன்யாவின் முகத்தைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.

ஆளாளுக்கு என் தலையைப் பின்னால் சாய்த்துப் பிடித்தார்கள். "விடுங்க, குனியட்டும்" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள் அவள்தான். என் மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"எவ்வளவு நாளா கத்துக்கிறீங்க?"

"ரெண்டு மாசம்" என்றேன், அடைத்த குரலில். "தொப்பை குறையணும்னு."

"அதை அன்னிக்கே சொல்லியிருந்தா இந்த மூக்கு தப்பிச்சிருக்கும்" என்றாள். விரலை எடுக்கவில்லை.

அப்போது அவள் அப்பா எங்களிடம் வந்தார். "மண்டப மேனேஜரைப் பாத்துட்டுதான் வரேன்ம்மா. மண்டபம் நல்லாத்தான் இருக்கு. தை மாசம் தேதி இருக்காம். புக் பண்ணி வைக்கட்டுமா?"

"பண்ணுங்கப்பா" என்றாள் சுகன்யா. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மூக்கு வலி என்று சமாளித்தேன்.

தை மாதம் அதே மண்டபம், அதே பூ வளைவு, இந்த முறை எங்கள் பெயர்கள். ஐயர் அக்னியை வலம் வரச் சொன்னார். நான் ஒரு அடி வைத்ததும் முன்வரிசையிலிருந்து ரியாஸ் சத்தமாகச் சொன்னான்: "அண்ணே, தைரியமா போங்க. இன்னிக்கு உங்க சைடுதான் கரெக்டு."

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சுகன்யா என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தாள். கல்யாண வீடியோவில் அந்த இடம் வரும்போதெல்லாம் அது பாசம் என்று நான் சொல்வேன். எதிரே யாரும் வந்துவிடக் கூடாதே என்ற பயம் என்று அவள் சொல்வாள். அம்மா இன்னும் அந்தப் போட்டியில் நான்தான் ஜெயித்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.