அண்ணாந்து குடிக்கும் நாடு

கடல் சூழ்ந்த நெடுங்கரை நாட்டுக்குள் நுழைய ஒரே ஒரு துறைதான் இருந்தது. அங்கே வருவோர் பதிவேட்டை எழுதியவள் உலகம்மை. முப்பது வருடத்தில் ஓர் எழுத்துகூட அவள் பொய்யாக எழுதியதில்லை. சட்டத்துக்கே அவளிடம் கொஞ்சம் பயம் உண்டு என்று படகோட்டிகள் சொல்வார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது விதி எளிது. வருகிறவருக்கு ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்து, பெயரை எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு வந்த ராஜா, கிழக்கு நோக்கிக் கும்பிடுகிறவர்களே நம் கடவுளின் பிள்ளைகள், மற்றவர்கள் வந்த வழியே போகட்டும் என்றார். கிணறு வெட்ட வருகிறவர்கள் அத்தனை பேரும் மேற்கு நோக்கிக் கும்பிடுகிறவர்கள். படகுகள் திரும்பின, கிணறுகள் தூர்ந்தன, ஊர்த் தண்ணீர் உப்புக் கரித்தது.

அவருடைய மகன் இன்னும் கெட்டிக்காரர். கும்பிடும் திசையை யாரும் மாற்றிக்கொள்ளலாம், ரத்தத்தை மாற்ற முடியாது என்று கண்டுபிடித்தார். நெடுங்கரை ரத்தம் ஓடுகிறவர் அண்ணாந்துதான் குடிப்பார். செம்பில் வாய் வைத்தாலோ, சிந்தினாலோ, இருமினாலோ அந்நியர். அன்றைய மாலைப் படகிலேயே ஏற்றிவிட வேண்டும். இந்தச் சட்டத்துக்கு யாரும் விலக்கல்ல என்று தன் கையாலேயே முத்திரை குத்தினார்.

சட்டத்தின் முதலாண்டு விழா நாளில், இடுப்பில் காய்ச்சல்காரக் குழந்தையோடு நிமோரா வந்து இறங்கினாள். மூன்று நாள் தாகம். செம்பில் வாய் வைத்துக் குடித்துவிட்டாள்.

"திருப்பி அனுப்பாதீங்கம்மா. அங்க ஊரே எரியுது. பிள்ள பொழைக்காது."

உலகம்மை அவளைக் கொட்டகையில் உட்கார வைத்தாள்.

அதற்குள் மேளதாளத்தோடு ராஜாவும் குடிவரவு மந்திரி பூபதிநாதரும் வந்துவிட்டார்கள். குடிமக்களுக்கு வழிகாட்ட ராஜாவே அண்ணாந்து குடிக்கப்போகிறார். ஆனால் அரண்மனையில் பன்னீர் குடித்தவருக்கு ஊர்த் தண்ணீரின் உப்பு தெரியாது. இரண்டாம் மடக்கில் புரையேறி, பட்டு அங்கியெல்லாம் சிந்தி, கண் பிதுங்க இருமினார். அரசரின் திருமேனியைத் தொடக்கூடாது என்பதால் காவலர்கள் விறைத்து நின்றார்கள்.

"இது மாட்சிமை பொருந்திய இருமல்! யாரும் குறுக்கிட வேண்டாம்!" என்றார் பூபதிநாதர்.

நிமோராதான் ஓடிவந்து ராஜாவின் உச்சந்தலையில் தட்டினாள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. யாரோ நெனைக்கிறாங்க."

இருமல் அடங்கியது. உலகம்மை பேனாவை எடுத்தாள். "ராஜா இருமிட்டாங்க, சிந்தவும் செஞ்சாங்க. என்னன்னு எழுதட்டும்?"

"இந்த மண்ணிலேயே முளைத்த வம்சம் என்று எழுது!" என்றார் பூபதிநாதர்.

"பொய் எழுதிப் பழக்கமில்லைங்க. பழசப் பாத்துட்டு எழுதுறேன்."

பெட்டியின் அடியிலிருந்து முதல் ஏட்டை எடுத்து, ராஜாவின் கொள்ளுத்தாத்தா பெயரைத் தேடி, அதற்கு எதிரே இருந்ததை உரக்கப் படித்தாள். 'ஒரு படகு. பதினோரு பேர். கும்பிடும் திசை கேட்கவில்லை. தாகத்தில் செம்பில் வாய் வைத்துக் குடித்தார்கள். உள்ளே விடப்பட்டார்கள்.'

ராஜா மெதுவாகக் கேட்டார், "இப்ப என்ன செய்யலாம்?"

"சட்டத்துல யாருக்கும் விலக்கில்லைங்க. ரெண்டு பேரையும் சாயங்காலப் படகுல ஏத்தணும். இல்லைன்னா, இந்தப் பழைய விதிப்படியே ரெண்டு பேரையும் உள்ள விடணும்."

அவள் குரல் நடுங்கவில்லை. இப்படி ஒருத்தி ஒரு துறைக்கு வாய்ப்பது அந்த நாடு செய்த புண்ணியம்தான்.

ராஜா படகைப் பார்த்தார். தன் தலையில் தட்டியவளைப் பார்த்தார். "பழைய விதி," என்றார்.

மறுவாரம் பூபதிநாதர் புதிய ஆணை ஒன்றைத் தயாரித்தார். பழைய விதி செல்லாது என்று முதல் வரியிலேயே இருந்தது. அது செல்லாவிட்டால் ராஜாவும் அன்று மாலையே படகேற வேண்டும் என்று உலகம்மை எடுத்துச் சொன்னாள். அவர் ஆணையைச் சுருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த படகு கரை தட்டியது. உலகம்மை செம்பை நீட்டினாள்.

"குடிங்க. எப்படி வேணும்னாலும் குடிங்க."